பிரேக் ஆயில் மாத்தியாச்சு

செப்டம்பர் 11, புதன்

இன்று நூற்றுப் பதினான்கு வண்டிகள். ரோலர் மேல் ஏற்று, மிதி, எண்ணைப் பார், இறக்கு. எட்டு மணி நேரமும் இதுதான். ஒரகடத்துக் கார் கம்பெனி லைனில் எனக்கு முன்னால் நிற்பவன் விளக்கு பார்க்கிறான், பின்னால் நிற்பவன் பெயிண்ட் பார்க்கிறான். நான் பிரேக். மூன்று வருடமாக பிரேக்.

திங்கட்கிழமை கிளம்புகிறோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த மூன்று பேர். வைபவ் சன்னதித் தெருக்காரன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நாங்கள் போகும் பழைய ஜீப் அவனுடையது, ராணுவ ஏலத்தில் எடுத்தது. குமரகுரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். வருடத்தில் ஒரு நாள் மட்டும் வரதர் கோயில் தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் கட்டை போடுவான். நான் அந்த ஜீப்பை ஆறு மாதமாகப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவன்.

இமாசலத்தில் சாச் கணவாய். பதினாலாயிரத்து ஐந்நூறு அடி. தார் கிடையாது, தடுப்புச் சுவர் கிடையாது. வைபவ் காட்டிய வீடியோவில் அருவி ரோட்டின் மேலேயே விழுகிறது, வண்டி அதற்குள் புகுந்து வெளியே வருகிறது. “செமல்ல?” என்றான். “செம” என்றேன்.

பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதலாம். நான் பார்த்த உயரமே செவிலிமேட்டுப் பாலம்தான். அதன் மேல் வண்டியை நிறுத்திப் பாலாற்று மணலைக் குனிந்து பார்த்தாலே உள்ளங்கால் கூசும்.

வேலைப் பட்டியலில் டிக் போடாதது ஒன்றே ஒன்று. பிரேக் ஆயில். மூடியைத் திறந்து பார்த்தேன், டிகாஷன் நிறம். எத்தனை வருடத்து ஆயிலோ, எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறதோ. ஈரம் குடித்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும். மிதித்தால் பிரேக் பிடிக்காது. தெரியாதவனுக்கு நான் இதைப் பாடமே எடுப்பேன்.

புது டப்பா வாங்கியாச்சு. ஞாயிறு மாற்ற வேண்டும்.


செப்டம்பர் 15, ஞாயிறு

கோபத்தோடு எழுதுகிறேன்.

ஆயில் மாற்றிக் குழாயிலிருந்து ஏர் எடுப்பது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவன் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், ஒருவன் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறக்க வேண்டும். திருகாணியை மூடும் முன் மேலே இருப்பவன் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும், எல்லாம் முதலிலிருந்து. குமரகுரு நாலு மணிக்கு வருகிறேன் என்றான். நாலரை. ஐந்து. போன் எடுக்கவில்லை. தெருப் பிள்ளையாரைக் கரைக்கப் போயிருக்கிறான்! காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே?

ஆறரைக்கு பானெட்டை மூடிவிட்டேன். ஆயில் மட்டம் சரியாகத்தான் இருக்கிறது. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது. சீல் உடைக்காத டப்பாவைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். வழியில் எங்காவது மாற்றிக்கொள்ளலாம்.

ஏழு மணிக்கு வந்தான், தலையெல்லாம் கலர்ப் பொடி.

“ஆச்சாடா?”

“ஆச்சு.”

“யாரு அமுக்குனது?”

“அபி.” பக்கத்து வீட்டு அபி, கூரியர் ஓட்டுகிறவன். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். உன்னை விட்டால் ஆளே இல்லையா என்று அவனுக்கு உறைக்க வேண்டும் என்று சொன்னேன்.

குமரகுரு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “சரி” என்றான்.

பிறகு பட்டறையிலிருந்து இரண்டு தேர்க் கட்டைகளைத் தூக்கி வந்தான். புளியங்கட்டை, முக்கோணமாகச் சீவியது. இரண்டும் சேர்ந்து பத்துக் கிலோ. “இது என்னாத்துக்குடா? கல்லு கெடைக்காதா மலையில?” என்றேன். “கல்லு உருளும்டா. கட்டை கடிக்கும்” என்றான். சண்டை போடத் தெம்பில்லை. ஏற்றிக்கொள் என்றேன்.

அவன் மனைவி அம்சவேணியும் கூட வந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு அதில் என்ன தெரியும்?

“அண்ணா, வண்டிய நீங்க பாத்தீங்களா?”

“பாத்துட்டேன்மா. பிரேக் ஆயில் மொதக்கொண்டு மாத்தியாச்சு.”

“அப்போ சரி” என்றாள். அவ்வளவுதான். அதன்பின் அவனைத் தடுக்கவில்லை.


செப்டம்பர் 18, புதன்

நாக்பூர் தாண்டி ஒரு தாபா. சமதரை. பிரேக்கைத் தொடவே தேவையில்லை. ஒன்றும் ஆகாது.


செப்டம்பர் 21, சனி

டல்ஹவுஸி. பதான்கோட்டிலிருந்து ஏறி வந்தோம். வைபவ் ஓட்டினான். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், கைப்பிடியைப் பிடித்த விரல்கள் இன்னும் நிமிர மறுக்கின்றன. வளைவுக்கு வளைவு அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். “கியர்ல இறங்குடா, சும்மா சும்மா மிதிக்காத!” அவன் சிரித்தான். “நீ இருக்கும்போது எனக்கென்னடா பயம்? பிரேக் எஞ்சினியர்!”

திட்டினால் பயம் வெளியே தெரியாது. இது எனக்குப் பழக்கம்.

குமரகுரு எங்கே டீ குடிக்க நிறுத்தினாலும் குதித்து இறங்கிச் சக்கரத்தில் கட்டை வைக்கிறான். ஒரு சர்தார்ஜி டிரைவர் கட்டையைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாளை ஓய்வு. நாளை ஆயில் மாற்றிவிடுவேன்.


செப்டம்பர் 22, ஞாயிறு

மாற்றவில்லை.

பஞ்ச்புலா அருவிக்குப் போனோம். ஐந்து ஓடைகள் சேர்ந்து விழுகிற இடமாம். பக்கத்தில் ஒரு சுதந்திரப் போராட்டக்காரரின் சமாதி. வைபவ் பலகையைப் படித்துச் சொன்னான்: முப்பது வருடத்துக்கு மேல் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு ஊர் திரும்பியவர், சுதந்திரம் கிடைத்த அன்று காலையிலேயே இந்த ஊரில் இறந்துவிட்டார்.

குமரகுரு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். “பாவம்பா. அம்மாந்தூரம் வந்து, ஒரு நாள் கூட அனுபவிக்கல.”

எனக்கு அது பிடிக்கவில்லை. சாவுப் பேச்சு எதுவும் பிடிக்கவில்லை. அருவிக்கு அடியில் போய் நின்றேன். தண்ணீர் வருவதை அண்ணாந்து பார்த்தேன். விளிம்பு வரைக்கும் சாதாரணமாக வருகிறது. விளிம்புக்கு அப்புறம் அதன் கையில் ஒன்றுமே இல்லை.  பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

குமரகுரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வைபவ் தூரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“கமலு, வண்டில ஏதாச்சும் பாக்கி வேலை இருக்குதாடா? இன்னைக்கு சும்மாத்தான இருக்கோம். நான் வேணா கூட நிக்கிறேன்.”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. டப்பா சீட்டுக்கு அடியில். ஒரு மணி நேர வேலை. ஆனால் அபி என்று சொன்னேனே. அம்சவேணியிடம் சொன்னேனே. இப்போது மாற்றினால் அப்போது மாற்றவில்லை என்று ஆகிவிடும். வைபவ் என்ன சொல்வான்? நூற்றுப் பதினான்கு வண்டிக்கு பிரேக் பார்க்கிறவன்...

“நீ என்ன எஞ்சினியரா? எனக்குச் சொல்லித் தராதடா. கதவு செய்யிற வேலையப் பாரு” என்று கத்தினேன். அருவிச் சத்தத்திலும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து போய்க் காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நின்றான்.


செப்டம்பர் 23, திங்கள்

பைராகட். கடைசி ஊர். மின்சாரம் இல்லை, ஜன்னலுக்கு வெளியே வெறும் பள்ளம்.

டல்ஹவுஸியிலிருந்து சம்பா வழியாக ஏழு மணி நேரம். குமரகுரு கட்டை இரண்டையும் டிக்கியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டான். “இடிக்குதேடா, பின்னாடி போடு” என்றேன். “இருக்கட்டும்டா” என்றான்.

வழியில் ஒரு இடத்தில் வண்டி திரும்பியபோது பின் சக்கரத்தின் கீழிருந்து கற்கள் சரிந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அவை தரையில் விழும் சத்தம் வரவே இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. வைபவுக்குத் தலைவலி, வாந்தி. உயரம். நாளை நான்தான் ஓட்ட வேண்டும்.


செப்டம்பர் 24, செவ்வாய். காலை

சத்ருண்டி செக்போஸ்ட். போலீஸ்காரர் நோட்டில் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எழுதச் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை. எதற்கென்று தெரியும். குமரகுரு அம்சவேணி நம்பரைக் கொடுத்தான்.

“பிரேக் டீக்?” சரியாக இருக்கிறதா என்கிறார்.

“டீக்” என்றேன். இது மூன்றாவது தடவை.

எழுத்து கோணல்.


செப்டம்பர் 25, புதன்

சம்பா ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்ச். உள்ளே குமரகுரு. வைபவ் மருந்து வாங்கப் போயிருக்கிறான்.

எழுதித் தொலைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இது என் தலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. ரோட்டின் மேல் விழும் அருவியில் புகுந்து வந்தோம், பனிச் சுவரைப் பார்த்தோம், உச்சியில் சின்னக் கோயிலில் மணி அடித்தோம். குமரகுரு குழந்தை மாதிரி பனியை அள்ளித் தின்றான். பத்து நிமிடம் நான்கூட பயத்தை மறந்திருந்தேன்.

இறங்கும்போது மேகம் வர ஆரம்பித்தது. நான் அவசரப்பட்டேன். மெதுவான கியரில் போட்டால் நடக்கிற வேகம்தான். அதில் போனால் மேகத்துக்குள் மாட்டுவோம். இரண்டாவது கியரில் விட்டேன், மிதித்து மிதித்து இறக்கினேன். வைபவை எதற்குத் திட்டினேனோ அதையேதான் செய்தேன்.

முதலில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நிறுத்தவில்லை. அடுத்த வளைவில் பாதிக்கு மேல் இறங்கியது. அடுத்ததில் தரை. கால் தரையைத் தொட்டது, வண்டி போய்க்கொண்டே இருக்குது. பம்ப் பண்ணேன். ஒண்ணுமில்ல. முதல் கியருக்குத் தள்ளினேன், விழவில்லை, கறகறவென்று பல் அரைத்தது. பழைய ஜீப்பில் ஓடும்போது முதல் கியர் லேசில் விழாது, அதுவும் எனக்குத் தெரியும். இரண்டும் இல்லாமல் நியூட்ரல். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். தீய்ந்த நாற்றம். கொஞ்சம் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. மலைப் பக்கம் உரசினேன், பாறை எங்களைத் தள்ளிவிட்டது. நேராக முன்னால் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெள்ளை. மேகம்.

நான் கத்தவில்லை. கத்தத் தோன்றவே இல்லை. விளிம்பு வரைக்கும் சாதாரணமாகப் போகிறோம் என்று ஒரு நினைப்பு.

பின்னாலிருந்து குரல். “நேராப் புடி! நேராப் புடி, ஒடிக்காத!” தேரில் கத்துகிற அதே குரல். திரும்பிப் பார்த்தால் சீட்டில் ஆள் இல்லை. இடது பக்கம், பள்ளத்துப் பக்கம், வண்டிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒன்றரை அடி இடத்தில் ஓடி வருகிறான். கையில் கட்டை. குனிந்து பின் சக்கரத்துக்கு முன்னால் போட்டான். வண்டி தூக்கிப் போட்டது, கட்டை சரளையில் வழுக்கிப் பறந்தது. பள்ளத்துக்குள் போயிற்று. சத்தம் வரவில்லை.

நேராப் பிடித்தேன். அது ஒன்றுதான் நான் செய்தது.

இரண்டாவது கட்டை. ஒரு தடவை சொல்லியிருக்கிறான், தேருக்குக் கட்டையை எறியக் கூடாது, சக்கரம் கடிக்கிற வரைக்கும் கை அதோடு போக வேண்டும் என்று. அப்படித்தான் போனது அவன் கை.

வண்டி நின்றது.

முன் பம்பருக்கு முன்னால் ஒரு கஜம் மண் இருந்தது. நான் இறங்கி அதைப் பார்த்தேன். முதலில் மண்ணைத்தான் பார்த்தேன், அவனைப் பார்க்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

வைபவ்தான் ஓடினான். இடது கை. மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டைக்கும் டயருக்கும் நடுவில். ஜாக்கி வைத்துத் தூக்கி எடுத்தோம். குமரகுரு முகம் சாம்பலாக இருந்தது. “நின்னுச்சாடா?” என்று கேட்டான். இரண்டு தடவை கேட்டான்.

பின்னால் வந்த பால் வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார்.

டாக்டர் இப்போதுதான் வெளியே வந்து சொன்னார். இரண்டு விரல்களும் இல்லை.


செப்டம்பர் 26, வியாழன்

வைபவ் கேட்டான். “எப்படிரா? எல்லாம் புதுசா மாத்தினியே?”

“அருவித் தண்ணி. பிரேக் டிரம் நனைஞ்சிடுச்சு. நனைஞ்ச டிரம் புடிக்காது. யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்.”

சுத்தமான டெக்னிக்கல் பதில். நனைந்த டிரம் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அருவியைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, டிரம் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்தது என்று வைபவுக்குத் தெரியாது. நம்பினான். என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தான்.

கட்டிலில் குமரகுரு கண்ணை மூடியிருந்தான். தூங்குகிறானா?


அக்டோபர் 2, புதன்

காஞ்சிபுரம். அம்சவேணி வாசலில் நின்றாள். அழவில்லை. கட்டுப் போட்ட கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி என்னிடம், “நீங்க நல்லா இருக்கீங்களாண்ணா? சாப்டீங்களா?” என்றாள்.

நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். எதற்கு என்று தெரியாது. திரும்பி நடந்தேன்.


அக்டோபர் 20, ஞாயிறு

ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. டீக்கடையில் கைலாசம் மாமா குமரகுருவைக் காட்டி, “தேரையே நிறுத்துறவன், ஜீப்பு எம்மாத்திரம்?” என்றார். அவன் சிரித்தான். டம்ளரை வலது கையில் பிடித்திருந்தான். இடது கை பாக்கெட்டில்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. “ஸ்டியரிங்க நேராப் புடிச்சான்பா, அதனால தப்பிச்சாங்க.” அதற்கும் தலையாட்டினேன்.


டிசம்பர் 5, வியாழன்

ஷிப்டில் ஒரு வண்டி ரோலரில் நின்றது. பெடலை மிதிக்கக் கால் வரவில்லை. தரையைத் தொட்டுவிடுமோ என்று. சூப்பர்வைசர், “தூக்கமா கமல்?” என்றார். ஆமாம் என்றேன்.

புது வண்டி. புது ஆயில். தெரியும். தெரிந்தும் வரவில்லை.


ஜனவரி 19, ஞாயிறு

லாரியில் ஜீப் வந்து சேர்ந்தது. வைபவ் வீட்டில் இடமில்லை என்று எங்கள் சந்தில் இறக்கிவிட்டான். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். பின் சீட்டுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தேன். டப்பா அங்கேயே இருக்கிறது. சீல் உடையாமல்.

எடுத்துத் தூர எறிந்திருக்கலாம். திரும்ப அங்கேயே வைத்தேன். ஏன்?

அம்மா ஜன்னலிலிருந்து, “அந்த சனியன ஏன்டா தொட்டுக்கினு இருக்க, உள்ள வா” என்றாள்.


பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பட்டறைக்குப் போனேன். குமரகுரு ஒரு கதவுச் சட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான். வலது கையால் தேய்க்கிறான், இடது கையின் மூன்று விரல்களால் சட்டத்தைப் பிடிக்கிறான், சட்டம் நழுவுகிறது, முழங்காலால் அழுத்துகிறான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“ஆயில் மாத்தலடா.”

தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“அன்னைக்கு நான் பிரேக் ஆயில் மாத்தவே இல்ல. தண்ணியெல்லாம் காரணம் இல்ல. நான்தான்.”

“தெரியும்டா.”

எனக்குக் கோபம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை, கோபம்தான் வந்தது. “என்னா தெரியும்? எப்படித் தெரியும்?”

“அபி அமுக்குனான்னு சொன்னல்ல? அபி அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து என்கூடத்தான புள்ளையார் தூக்கிக்கினு இருந்தான். அவன் தோள்ல ஒரு பக்கம், என் தோள்ல ஒரு பக்கம்.”

உட்கார இடம் தேடினேன். மரத்தூள் மேலேயே உட்கார்ந்தேன்.

முதல் நாளிலிருந்தே. நாக்பூரிலும் தெரியும். டல்ஹவுஸியிலும் தெரியும். காலடியில் கட்டையை வைத்துக்கொண்டபோதும்.

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

“கேட்டேனேடா அருவியாண்ட. நீ என்னா சொன்ன?” உப்புத்தாளைத் திருப்பிப் போட்டான். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா யோசிக்கணும்டா. கத்துவ. வைபவ் முன்னாடி உனக்கு அசிங்கமாப் போயிடும். செரி, பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். அது என் தப்பு.”

“வராம இருந்திருக்கலாமே?”

“நீங்க ரெண்டு பேரும் ஏறிட்டீங்க. வேற யாரு கட்டை போடுவாங்க?”

அதை அவன் பெருமையாகச் சொல்லவில்லை. கதவுக்கு எத்தனை கீல் என்று சொல்வது போலச் சொன்னான்.

அப்போதுதான் பார்த்தேன், அம்சவேணி இரண்டு டம்ளர் டீயோடு வாசற்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஒரு டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“நான் உங்களத்தான கேட்டேன்” என்றாள் என்னைப் பார்த்து. அண்ணா என்று சொல்லவில்லை. பிறகு அவனைப் பார்த்தாள். “உனக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் போயிருக்கீங்க. வீட்ல இருக்கிறவதான் ஒண்ணும் தெரியாத முண்டம்.”

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் வைத்த டீயைக் குமரகுரு குடிக்கவில்லை. எனக்கும் நீட்டவில்லை. ஆடை கட்டும் வரைக்கும் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.


பிப்ரவரி 10, திங்கள்

வைபவுக்கும் போன் பண்ணிச் சொன்னேன்.  “வெச்சிடறேன்டா” என்றான். வைத்துவிட்டான்.


மார்ச் 30, ஞாயிறு

வைபவிடமிருந்து ஒரு மெசேஜ். “வண்டிய வித்துடலாம். பிரேக் மட்டும் சரி பண்ணி வை.” அவ்வளவே.

தார்ப்பாயைத் தூக்கினேன். திரும்பப் போட்டேன்.


மே 17, சனி

தேர்.

குமரகுரு கட்டை போடவில்லை. பிடிப்பு போதாது என்று அவனே சொல்லிவிட்டானாம். அவன் சித்தப்பா மகன் ராமராஜன் போட்டான். எட்டு வருடத்தில் முதல் முறையாக குமரகுரு சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தான். குரல் மட்டும் கொடுத்தான். “விடு... விடு... இப்ப போடு! கைய எடுக்காத! கடிக்கட்டும்!”

காந்தி ரோட்டில் கூட்டத்தோடு நின்றேன். எல்லாரும் அண்ணாந்து பெருமாளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் சக்கரத்தைப் பார்த்தேன். அது உருளும் ஒவ்வொரு அடிக்கும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ராமராஜன் பின்புறமாக நடக்கிறான், குனிகிறான், செருகுகிறான், சக்கரம் முனகிக்கொண்டு ஏறி நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் என் கண் மூடிக்கொண்டது. திறந்தால் அவன் விரல்களை எண்ணினேன்.

தேர் நிலைக்கு வந்ததும் குமரகுரு என்னைப் பார்த்துவிட்டான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். வேர்வை, குங்குமம்.

“என்னாடா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?”

“பயமா இருந்துச்சுடா” என்றேன்.

சத்தமாக, ஒரு ஆளிடம், முதல் தடவை.

“எனக்கு எட்டு வருசமா இருக்குது” என்றான். “வா, மோர் குடிக்கலாம்.”


மே 25, ஞாயிறு

காலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டு ஜீப்பை ஜாக்கியில் ஏற்றினேன். குமரகுருவுக்குப் போன் பண்ணி, அமுக்க வருகிறாயா என்று கேட்டேன். வருகிறேன் என்றான். பத்து மணிக்கு அவனும் வந்தான், அம்சவேணியும் வந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் இந்தச் சந்துக்கு வருவது இதுதான் முதல்.

குமரகுரு சீட்டில் ஏறப் போனான். “நீ இறங்கு” என்றாள். “நான் அமுக்குறேன்.”

“உனக்கு என்னா தெரியும்?” என்றான் அவன்.

“தெரிஞ்சவங்க கிழிச்சது போதும்.”

புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். புரியவில்லை. “டப்பா.”

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பக் கொடுத்தாள். “என் முன்னாடி ஒடைங்க.”

உடைத்தேன்.

எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். நான் அமுக்கு என்றால் அமுக்க வேண்டும், விடு என்கிற வரைக்கும் விடக் கூடாது. கத்தாமல் சொன்னேன். சக்கரத்தடியில் படுத்தேன். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் தலை போனதும் பழைய பயம் வந்தது. குமரகுரு சொல்லாமலே மற்ற சக்கரத்தில் கட்டை வைத்தான். அது மலையிலிருந்து திரும்பி வந்த கட்டை. ஒரு பக்கம் டயர் கடித்த பள்ளம் இன்னும் இருக்கிறது.

“அமுக்கு.” திறந்தேன். குழாயில் கறுப்பாக வந்தது. சாக்கடை நிறம். குமரகுரு குனிந்து பார்த்தான். மூடினேன். “விடு.” “அமுக்கு.” அப்படியே நான்கு சக்கரம், ஒரு மணி நேரம். கறுப்பு போய்ப் பழுப்பு, பழுப்பு போய்ப் புது ஆயிலின் நிறம்.

கடைசிச் சக்கரத்தில் திருகாணி கொஞ்சம் மக்கர் பண்ணியது. ஸ்பேனர் வழுக்கியது. மேலே அவள் கால் நடுங்குவது பெடல் கம்பியில் தெரிந்தது.

“காலு மரத்துப்போச்சு, விடவா அண்ணா?”

“இல்லமா. இன்னும் மூடல. புடி.”

பிடித்தாள். நான் இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து மூடினேன். இறுகிவிட்டதா என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

“இப்ப விடு” என்றேன்.